கார் எக்ஸாஸ்ட் பாகங்களுக்குச் செராமிக் பூச்சு: வேலூர் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனி பிறந்ததும் வேலூரில் வெயில் சதமடிக்கத் தொடங்கிவிடுகிறது. கத்திரி நாட்களில் 108 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது இங்கே செய்தியே அல்ல. அந்த நாட்களில் பானெட்டைத் திறந்தால் முகத்தில் அறையும் அனலைக் குறைக்க, சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்த்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் அதிலிருந்து இறங்கும் குழாய்க்கும் செராமிக் பூச்சு அடிக்கலாமா என்று வாகன உரிமையாளர்களும் பட்டறைக்காரர்களும் பொறியியல் மாணவர்களும் தொடர்ந்து கேட்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

செராமிக் பூச்சு அடித்தால் எஞ்சின் சூடு குறையுமா?

எஞ்சின் சூடு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு தனித்தனிச் செய்திகள் அடங்கியுள்ளன. ஒன்று, டாஷ்போர்டில் முள் காட்டும் கூலன்ட் வெப்பநிலை. மற்றொன்று, பானெட்டுக்கு அடியில் தேங்கி நிற்கும் காற்றின் வெப்பம். எக்ஸாஸ்ட் பூச்சு வேலை செய்வது இரண்டாவதில் மட்டுமே. எரிபொருளில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. இன்னொரு பங்கு கூலன்ட் வழியாக ரேடியேட்டருக்குப் போகிறது. புகையோடு போகும் வெப்பம் குழாய்ச் சுவரைத் தாண்டிப் பானெட்டுக்குள் பரவாமல், குழாய்க்குள்ளேயே பின்பக்கம் போய்ச் சேர வேண்டும் என்பதே பூச்சின் நோக்கம். சிலிண்டருக்குள் உண்டாகும் வெப்பத்தை அது குறைப்பதில்லை.

ஆகவே முள் சிவப்புக் கோட்டைத் தொடும் வண்டிக்கு இந்தப் பூச்சு மருந்தாகாது. இதைச் சொல்லாமல் பூச்சு விற்பவர்கள் வாடிக்கையாளருக்குத் தீங்கு செய்கிறார்கள் என்பதே என் உறுதியான கருத்து. ஏனென்றால் முள் ஏறும் வண்டியை அப்படியே ஓட்டினால், சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விடும்.

அப்படியானால் முள் ஏறும் வண்டியில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். பாலாற்றுப் படுகையை ஒட்டிய பகுதிகளில் போர் தண்ணீர் உப்பும் கடினத்தன்மையும் மிகுந்தது. கூலன்ட் குறைந்ததும் அருகிலுள்ள குழாயில் பிடித்த தண்ணீரை ஊற்றி ஓட்டுவது இங்கே பரவலான பழக்கம். எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே தெரியும் குழாய்களின் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் படிவதைப் போன்ற வெள்ளை உப்பு அங்கே ஏறியிருந்தால், அந்த ரேடியேட்டர் தன் வேலையில் பாதியைக்கூடச் செய்ய முடியாது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டுவிடும்.

அடுத்து தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் ஃபேன், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடியின் ரப்பர், ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அடைந்திருக்கும் தூசியும் பூச்சிகளும் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு, அவர் சொன்ன விகிதத்தில் கலந்து நிரப்ப வேண்டும். இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் பானெட்டுக்கு அடியில் அனல் மிகுந்து, பிளாஸ்டிக்கும் வயரும் பாதிக்கப்படுகின்றன என்றால் மட்டுமே எக்ஸாஸ்ட் பூச்சைப் பற்றி யோசிப்பது பொருத்தம்.

வேலூரில் பல கடைகளில் "செராமிக் கோட்டிங்" என்று போர்டு இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. கார் வாஷ் கடைகளில் அடிப்பது பாடியின் பெயின்ட் மேல் பளபளப்புக்காகத் தடவும், சிலிக்கா சேர்ந்த திரவம். அதை எக்ஸாஸ்ட் குழாயில் தடவினால் முதல் நீண்ட பயணத்திலேயே போய்விடும். கேட், கிரில், ஜன்னல் கம்பிகளுக்கு அடிக்கும் பவுடர் கோட்டிங்கும் இதற்கு உதவாது. அது பிளாஸ்டிக் வகைப் பொருள், 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே நிறம் மாறிக் கருகத் தொடங்கும். பெட்ரோல் எஞ்சின் முழுச் சுமையில் ஓடும்போது புகையின் வெப்பநிலை 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். டீசலில் அதைவிடச் சற்றுக் குறைவு. கடைக்காரரிடம் கேட்கும்போது "சைலன்சர் மேனிஃபோல்டுக்கு, ஹை டெம்பரேச்சர் செராமிக்" என்று தெளிவாகச் சொல்லி, எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று பொருளின் டப்பாவில் அச்சிட்டிருப்பதை உங்கள் கண்ணால் படித்துப் பாருங்கள்.

எக்ஸாஸ்டுக்கு உரிய செராமிக் பூச்சில் என்னென்ன வகைகள் உண்டு?

முதல் வகை, ஸ்பிரே கன்னில் அடித்து ஓவன் எனும் சூட்டடுப்பில் சுட்டு எடுக்கும் மெல்லிய பூச்சு. அதன் தடிமன் பொதுவாக 25 முதல் 50 மைக்ரான் வரை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்குள் இருக்கும். இதிலேயே அலுமினியத் துகள் சேர்ந்து வெள்ளி போல் மின்னுவது ஒன்று. கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்து, இன்னும் அதிக வெப்பத்தைத் தாங்குவது மற்றொன்று. மின்னும் வகை ஏறத்தாழ 700 டிகிரி வரையில்தான் தன் பளபளப்பைக் காக்கும்; புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் டர்போவை ஒட்டிய பாகங்களுக்கு மற்றொன்றே ஏற்றது.

இரண்டாம் வகை, பிளாஸ்மா ஸ்பிரே. இட்ரியா என்ற ஆக்சைடைச் சேர்த்து நிலைப்படுத்திய சிர்கோனியா என்னும் செராமிக் பொடியை மின்வில்லின் கடும் வெப்பத்தில் உருக்கிப் பாகத்தின் மேல் வீசி அடிக்கிறார்கள். விமான எஞ்சின்களின் டர்பைன் பிளேடுகளைக் காக்கும் பொருளும் இந்தச் சிர்கோனியாவே. அதன் உருகுநிலை ஏறத்தாழ 2,700 டிகிரி செல்சியஸ். இதற்கு அடியில் நிக்கல் கலந்த உலோகப் படலம் ஒன்றை முதலில் ஏற்றி, அதன் மேல் 300 மைக்ரான் அளவுக்குச் செராமிக்கை ஏற்றுவது வழக்கம். தனிப்பட்ட கருவியும் பயிற்சியும் தேவைப்படும் வேலை இது. டிங்கரிங் பெயின்டிங் பட்டறையில் நடக்காது.

மெல்லிய பூச்சு வெப்பத்தைப் பாதியாகக் குறைக்கும் என்கிறார்களே, உண்மையா?

இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டே விடை சொல்ல வேண்டும். குழாயின் ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து 20,000 வாட் வெப்பம் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சூடேறிய மேனிஃபோல்டுக்கு அது நியாயமான அளவு. செராமிக்கின் வெப்பக் கடத்துதிறனை ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 1 வாட் என்ற அளவில் எடுத்துக்கொண்டால், 50 மைக்ரான் பூச்சின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே உண்டாகும் வெப்பநிலை வேறுபாடு சுமார் 1 டிகிரி மட்டுமே. 300 மைக்ரான் பிளாஸ்மா பூச்சிலும் அது 6 டிகிரி அளவில்தான் நிற்கும். செராமிக் சிறந்த வெப்பத்தடுப்பான் என்பது உண்மை. ஆனால் தடிமன் இல்லாமல் எந்தத் தடுப்பானும் தடுக்காது.

பிறகு எப்படிப் பலன் கிடைக்கிறது? மேற்பரப்பின் தன்மையால் கிடைக்கிறது. 500 டிகிரியில் இருக்கும் குழாய் தன் வெப்பத்தின் பெரும்பகுதியைக் கதிர்வீச்சாக வெளியேற்றுகிறது. துருப்பிடித்த வார்ப்பிரும்பு, அந்த வெப்பநிலையில் ஒரு பொருளால் வீசக்கூடிய கதிர்வீச்சின் உச்ச அளவில் ஐந்தில் நான்கு பங்கையோ அதற்கு மேலோ வீசுகிறது. அலுமினியம் கலந்த மின்னும் பூச்சு அதில் பாதியையோ அதற்கும் குறைவாகவோ வீசுகிறது. ஆகவே மேனிஃபோல்டுக்கு எதிரே இருக்கும் வயர், ரப்பர் ஹோஸ், பிளாஸ்டிக் மூடி ஆகியவற்றின் மேல் படும் அனல் கண்கூடாகக் குறைகிறது. வெப்பம் குறைவதில் பெரும்பங்கு இந்த மின்னும் தன்மைக்கே உரியது; கறுப்பு நிறப் பூச்சுக்கு இந்தப் பலன் மிகக் குறைவு. கறுப்பு அழகாக இருக்கிறது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். துருவைத் தடுக்கும் வேலையை அது நன்றாகவே செய்யும், அனலைத் தடுக்கும் வேலையை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

பூச்சுக்குப் பிறகு டெம்பரேச்சர் கன்னில் பார்த்தால் நூறு டிகிரிக்கு மேல் குறைந்து காட்டுகிறதே?

அந்தக் கருவி வெப்பநிலையை நேராக அளப்பதில்லை. பரப்பு வீசும் கதிர்வீச்சை அளந்து, பரப்பு மங்கலானது என்ற அனுமானத்தில் வெப்பநிலையைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. மின்னும் பரப்பின் மேல் அதைப் பிடித்தால், உண்மையில் 400 டிகிரியில் இருக்கும் குழாயைக்கூட நூறு டிகிரிக்கும் அதிகமாகக் குறைத்துக் காட்டிவிடும். கடைகளில் காட்டப்படும் "முன், பின்" ஒப்பீடுகளில் பெரும்பாலானவை இந்தப் பிழையைச் சுமந்தவை.

சரியாக அளக்க விரும்புபவர் குழாயை விட்டுவிட்டு, அதனால் சூடாகும் பொருள்களை அளக்க வேண்டும். மேனிஃபோல்டுக்கு அருகிலுள்ள பிளாஸ்டிக் மூடியின் மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அந்த இடத்தைப் பூச்சுக்கு முன்னும் பின்னும் அளக்கலாம். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகும் அளவுகளைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனரைப் பொருத்தி, எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலையைப் பார்ப்பது இன்னும் நல்லது. காட்பாடி மேம்பாலத்து நெரிசலில் ஏசி போட்டபடி நின்றிருக்கும்போது அது எவ்வளவு ஏறுகிறது, வண்டி நகர்ந்ததும் எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, வெயில் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும் இன்னொரு நாளில், அதே நேரத்தில் ஒப்பிட வேண்டும்.

எஞ்சினின் இழுவை கூடுமா, மைலேஜ் கூடுமா?

எஞ்சினுக்குள் போகும் காற்று 50 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் குறைந்தால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடும். அந்த அளவுக்கு இழுவையும் கூடலாம். ஆனால் இன்றைய கார்களில் காற்றை உறிஞ்சும் வாய் பெரும்பாலும் கிரில்லுக்குப் பின்னால், வெளிக்காற்று நேராக வரும் இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர் வரை நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது எந்த வேறுபாடும் தெரியாது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் குறைந்த வேகத்தில், அதிகச் சுமையோடு ஏறும்போது, பானெட்டுக்குள் காற்றோட்டம் குறைந்து மேனிஃபோல்டு கொதிக்கும் வேளையில் பலன் ஓரளவு கிடைக்கும். டர்போ வண்டிகளில் மேனிஃபோல்டிலும், டர்பைன் சக்கரத்தைச் சூழ்ந்த கூடான டர்பைன் வீட்டிலும் வெப்பத்தைக் காத்தால் டர்போவைச் சுழற்றும் ஆற்றல் சற்று மிஞ்சும். மைலேஜுக்காக என்றால் இதைச் செய்யாதீர்கள்; டயர் காற்றைச் சரியாக வைத்திருப்பதே அதற்குப் போதும்.

எந்தெந்தப் பாகங்களுக்கு அடிக்கலாம், எவற்றுக்கு அடிக்கக் கூடாது?

மேனிஃபோல்டு அல்லது ஹெட்டர், டர்போவின் டர்பைன் வீடு, அதிலிருந்து இறங்கும் டவுன்பைப் ஆகியவற்றின் வெளிப்பரப்புக்கு அடிக்கலாம். சிலிண்டர் ஹெட்டோடு சேரும் முகப்புகள், கேஸ்கெட் உட்காரும் இடங்கள், ஆக்சிஜன் சென்சாரின் மரை, ஒன்றுக்குள் ஒன்று செருகும் இணைப்புகள் ஆகியவற்றை மறைத்துவிட்டே அடிக்க வேண்டும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் உடலுக்குப் பூச்சு அடிக்கக் கூடாது, எதையும் சுற்றவும் கூடாது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 என்ற புகை மாசு விதிக்கு ஏற்ற வண்டிகளில் கன்வெர்ட்டர் எஞ்சினுக்கு மிக அருகிலேயே, பல வண்டிகளில் மேனிஃபோல்டோடு சேர்ந்தே இருக்கிறது. ஏறத்தாழ 300 டிகிரியில் வேலையைத் தொடங்கும் அது, 1,000 டிகிரியை நெருங்கினால் தன் திறனை இழந்துவிடும். தன் உடல் வழியாகச் சற்று வெப்பத்தை இழந்தே அது உயிர்வாழ்கிறது. இப்படிச் சேர்ந்த அமைப்புள்ள வண்டிகளில் பூச்சு வேலையையே விட்டுவிடுமாறு நான் சொல்வேன்.

குழாயின் உட்புறத்துக்கு அடிப்பதிலும் எச்சரிக்கை தேவை. உட்பூச்சு உலோகத்தைக் காக்கும் என்பது சரியே. ஆனால் அது ஒரு செதிலாக உரிந்தால், போய் விழும் இடம் டர்பைன் சக்கரம் அல்லது கன்வெர்ட்டரின் தேன்கூடு. அந்த இரண்டில் எது கெட்டாலும் செலவு பூச்சுச் செலவைப் போலப் பல மடங்கு.

பூச்சு ஏன் சில வண்டிகளில் சில மாதங்களிலேயே உரிகிறது?

பெரும்பாலும் தயாரிப்பு வேலை சரியில்லாததால்தான் உரிகிறது. பல ஆண்டுகள் ஓடிய மேனிஃபோல்டின் நுண்துளைகளில் எண்ணெயும் கரியும் ஊறியிருக்கும். அந்த மேனிஃபோல்டை முதலில் ஓவனில் சுட்டு எண்ணெயை எரித்து வெளியேற்ற வேண்டும். பிறகு அலுமினியம் ஆக்சைடு துகளால் பிளாஸ்டிங் செய்து, பரப்பு முழுவதும் ஒரே சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக வரும் வரை துருவை அகற்ற வேண்டும். அசிட்டோனில் கழுவிய பின் வெறுங்கையால் தொடக் கூடாது. விரல் ரேகையின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் பூச்சு பின்னாளில் கொப்புளிக்கும். பிளாஸ்டிங் முடிந்த பாகத்தை அன்றைக்கே அடித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் ஓர் இரவு விட்டுவைத்தால் காலையில் மெல்லிய செந்துரு பூத்திருக்கும். அதன் மேல் அடித்த பூச்சு நிலைக்காது.

உலோகமும் ஒரு காரணம். சூடேறும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வார்ப்பிரும்பைவிட அதிகம் விரிவடையும்; சிர்கோனியா அவ்வளவு விரியாது. ஆகவே தடித்த செராமிக் பூச்சு வார்ப்பிரும்பில் நிலைப்பதைப் போல ஸ்டெயின்லெஸ்ஸில் நிலைப்பதில்லை. விரிசல் விட்ட மேனிஃபோல்டுக்குப் பூச்சு அடிப்பதும் வீண். முதலில் வெல்டிங் பார்த்துச் சரிசெய்ய வேண்டும், இல்லையேல் மாற்ற வேண்டும்.

பிளாஸ்டிங் செய்யும் தொழிலாளியைப் பற்றியும் ஒரு சொல். ஆற்று மணலைக் கொண்டு செய்யும் சாண்ட் பிளாஸ்டிங் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கோசிஸ் நோயைத் தரும். அதற்கு மருந்து இல்லை. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் முறையான அறையும் முகக்கவசமும் வைத்துச் செய்யும் தொழிற்கூடங்களைத் தேடிப் போங்கள். திறந்த வெளியில், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் நம் பாகத்துக்கு மணல் அடிப்பதை நாம் ஏற்கக் கூடாது.

நாமே ஸ்பிரே டப்பா வாங்கி அடிக்கலாமா?

600 டிகிரி தாங்கும் வெள்ளி நிற ஹீட் ரெசிஸ்டன்ட் பெயின்ட் எளிதில் கிடைக்கிறது. பழைய வண்டியின் சைலன்சருக்கும் நடுக்குழாய்க்கும் துருவைத் தடுக்க அது போதும். மேனிஃபோல்டில் அது நீண்ட நாள் நிற்காது.

பூச்சுக்குப் பதிலாக வெப்ப நாடா சுற்றலாமா?

கண்ணாடி இழையிலோ பசால்ட் இழையிலோ நெய்த நாடா, தடிமன் இருப்பதால் வெப்பத்தைத் தடுப்பதில் மெல்லிய பூச்சைவிட வலிமையானது. ஆனால் அது மழைநீரையும் எண்ணெயையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சாதா இரும்புக் குழாயை உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். எண்ணெய் ஊறிய நாடா தீப்பிடிக்கவும் கூடும். உலோகமும் கூடுதலாகச் சூடேறி விரிசல் விட வாய்ப்புண்டு. தினசரி ஓடும் வண்டிக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

இரண்டையும்விட நம்பகமான வழி ஒன்று உள்ளது. வண்டியோடு தயாரிப்பாளர் கொடுத்த தகட்டுக் கவசத்தை, அதாவது ஹீட் ஷீல்டை, மீண்டும் அதன் இடத்தில் பொருத்துவதே அது. போல்ட் துருப்பிடித்துக் கடகடவென்று சத்தம் வருகிறது என்று பட்டறையில் அதைக் கழற்றி எறிந்த வண்டிகள் ஊரெங்கும் ஓடுகின்றன. தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள காற்று இடைவெளி, எந்த மெல்லிய பூச்சும் தர முடியாத தடுப்பைத் தருகிறது. உங்கள் வண்டியில் அது இல்லையென்றால் பூச்சுக்குச் செலவழிக்கும் முன் அதை வாங்கிப் போடுங்கள். சிஎன்ஜி கிட் பொருத்திய வண்டிகளில் எரிவாயுக் குழாய் எக்ஸாஸ்டுக்கு அருகில் போகும் இடத்தில் இந்தக் கவசம் கட்டாயம் இருக்க வேண்டும்.

சட்டச் சிக்கல் வருமா? வாரண்டி போகுமா?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதே பாகத்துக்குப் பூச்சு அடித்துத் திரும்பப் பொருத்துவது அத்தகைய மாற்றம் அல்ல. ஆனால் பூச்சு வேலையைச் சாக்கிட்டுக் கன்வெர்ட்டரை நீக்குவதும், சத்தம் கூட்டும் சைலன்சரைப் போடுவதும் குற்றம். கன்வெர்ட்டர் இல்லாத வண்டி புகைப் பரிசோதனையிலும் தேறாமல் போகலாம். வாரண்டிக் காலத்தில் உள்ள வண்டியில் மேனிஃபோல்டைக் கழற்றும் முன், நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் எழுத்துமூலம் கேட்டுக்கொள்வது நல்லது.

கல்லூரிப் போட்டிக்கு நாங்களே கட்டும் ரேஸ் காருக்கு இது தேவையா?

ஃபார்முலா ஸ்டூடன்ட் வகைக் கார்களில் ஓட்டுநரின் முதுகுக்கும் எரிபொருள் தொட்டிக்கும் மிக அருகில் எக்ஸாஸ்ட் போகிறது. ஆகவே தெருவில் ஓடும் காரைவிட இங்கே தேவை அதிகம். முதலில் குழாயின் பாதையை மாற்றி இடைவெளி தர முடியுமா என்று பாருங்கள். அடுத்துத் தகட்டுக் கவசம். மூன்றாவதாக மின்னும் பூச்சு. ஹெட்டரின் வடிவம் இறுதியான பிறகே பூச்சுக்குக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் பூச்சு அடித்த குழாயில் மறுபடி வெல்டிங் செய்ய அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

பொருத்திய பிறகு என்ன செய்ய வேண்டும்?

சில வகைப் பூச்சுகள் எஞ்சின் சூட்டிலேயே முழுமையாக இறுகுகின்றன. அப்படிப்பட்டதானால், விற்பவர் சொன்னபடி முதலில் சற்று நேரம் ஐடிலில் ஓட்டி, ஆறவிட்டு, மீண்டும் கூடுதல் நேரம் ஓட்ட வேண்டும்; அந்தச் சமயத்தில் வரும் லேசான புகையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். மேனிஃபோல்டு கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள். சில நாட்கள் ஓடிய பின், எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டட் நட்டுகளை டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு மீண்டும் இறுக்கிப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக்" என்ற சத்தம் கேட்டு, சூடானதும் அது மறைந்தால், கேஸ்கெட் வழியாகப் புகை கசிகிறது என்று பொருள். அந்த இடத்தைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, உடனே சரிசெய்துவிடுங்கள்.